கல் ரோட்டுக்கு ஒரு வண்டி

— அண்ணே, எடை மேடையில ரெண்டு தடவை ஏத்திப் பாத்துட்டேன். மேடை பொய் சொல்லல. நீங்க கட்டினது லாரி மேல ஏத்தித் தங்கிக்கிற கேம்பர் கூடு இல்ல, வீடு.

— அதாவது தம்பி, நான் போட்ட கணக்குப்படி...

— உங்க கணக்கு மரத்துக்கு மட்டும்ணே. தண்ணித் தொட்டி நிரம்பினா என்ன எடை? அடுப்பு, காஸ் சிலிண்டர், பேட்டரி, ரெண்டு ஆளு, துணிமணி, இதெல்லாம் யாரு கணக்குல எழுதுறது? வண்டிக் கதவைத் திறந்து பாருங்க, ஓரத்துல கம்பெனிக்காரன் ஒரு தகடு அடிச்சிருக்கான். இவ்வளவுதான் என் முதுகுல ஏத்தலாம்னு. நீங்க அதைத் தாண்டி இன்னும் ரெண்டு ஆள் எடை ஏத்தி வச்சிருக்கீங்க. கேட்டீங்களா?

— கொஞ்சம் கூடக் குறைய இருந்தா தாங்காதா?

— தார் ரோட்டுல தாங்கும். நீங்க போறது கல் ரோடுன்னு சொன்னீங்களே. ஒவ்வொரு குழியில விழும்போதும் அந்த எடை ரெண்டு மடங்கா இறங்கும். அச்சு முறிஞ்சு ஆளில்லாத இடத்துல நின்னீங்கன்னா என்னைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவீங்க. அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அந்த டயர் மேல உக்காராதீங்க, கிரீஸ் ஒட்டிக்கும்.

— பரவாயில்ல தம்பி. பழைய துணிதான்.

— உங்க வீட்டுக்காரர் கைவேலை அபாரம். அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. இந்தக் கதவைச் சாத்துனா ஒரு சத்தம் இல்ல பாருங்க. ஆனா இத்தனை வருஷமா அவர் செஞ்சது அலமாரி, கட்டில், கதவு. அலமாரி ஒரே இடத்துல நிக்கும். இது ஓடணுமே.

— ஓடுற அலமாரின்னு வச்சுக்குங்க. ஒரு வருஷமா வீட்டுல இந்த இழைக்கிற சத்தம்தான்.

— நீங்க ஒண்ணும் கேக்கலையா, என்ன ஏதுன்னு?

— என்ன கேக்கறது. காதுக்குப் பழகிடுச்சு.

— அதாவது தம்பி, அவ எதையும் கேக்க மாட்டா. நீங்க என்கிட்டச் சொல்லுங்க. வண்டிக்கு என்னென்ன பண்ணணும்?

— சொல்றேன். பின்னாடி ஸ்பிரிங் பட்டை ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு காலையிலயே கூட்டிட்டேன். அதுக்கு மேல காத்துப் பையும் வச்சாச்சு. சுமை ஏறினதும் காத்து அடிச்சு மட்டம் பண்ணிக்கலாம், இறக்கினதும் விட்டுடலாம். ஷாக் அப்சார்பர் நாலும் மாத்தணும், இப்ப இருக்கறது சும்மா பேருக்குத் தொங்குது. டயரும் இது ஆகாது. பக்கவாட்டுல தடிமனா, பெரிய லாரி டயர் மாதிரி வேணும்.

— அந்த டயர் போட்டா கல்லுல தூக்கித் தூக்கி அடிக்காதா?

— அதுக்குக் காத்தைக் குறைச்சுக்கணும் அண்ணே.

— எவ்வளவு குறைக்கறது?

— அதை அப்புறம் சொல்றேன், முதல்ல இந்த...

— தார் முடியற இடத்துல நிறுத்தி மூணுல ஒரு பங்கு எடுத்துடணும். திரும்ப தார்ல ஏறும்போது மறக்காம அடிச்சுக்கணும். சுமையோட ரொம்பக் குறைச்சா டயர் விளிம்பை விட்டுக் கழண்டுடும். அப்படித்தானே தம்பி?

— அப்படியேதான். அக்கா வண்டி ஓட்டுவீங்களா?

— ஓட்டினேன்.

— அவதான் தம்பி இதையும் ஓட்டப்போறா. எங்கிட்ட இருக்கறது காருக்கான லைசென்ஸ். கனரக லைசென்ஸ் அவகிட்டதான் இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ. ஒரு கீறல் கிடையாது.

— நான் ஓட்டுறேன்னு யார் சொன்னா?

— இல்ல, அதாவது...

— ஏங்க, வந்து பாருன்னீங்க, வந்து பாத்துட்டேன். ஓட்டுறேன்னு சொன்னேனா?

— சொல்லல.

— சரி.

— அண்ணே, அக்கா, நடுவுல நான் என் வேலையைச் சொல்லிடறேன். ஓட்டறது யாரா இருந்தாலும் முதல்ல எடையைக் குறைக்கணும். தண்ணித் தொட்டி இப்ப பின்னாடி கதவுகிட்ட, உசரத்துல இருக்கு. அதைக் கீழ இறக்கி, பின் அச்சுக்கு முன்னாடி கொண்டு வாங்க. எடை அச்சுக்கு முன்னாடி விழணும். பின்னாடி விழுந்தா வண்டி மூக்கைத் தூக்கிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது. அது ஒண்ணு. இன்னொண்ணு, உள்ள மூணு படுக்கை எதுக்கு?

— அது இருக்கட்டும்.

— போறது நீங்க ரெண்டு பேருன்னு சொன்னீங்க. ரெண்டு படுக்கை கீழ இருக்கு. மேல ஒண்ணு, கெட்டி மரத்துல, அதுக்குத் தனியா சட்டம், இழுப்பறை எல்லாம் வச்சு. அதைக் கழட்டினாலே பாதிப் பிரச்சினை தீந்துச்சு.

— அதைத் தொட வேண்டாம் தம்பி. வேற எதை வேணும்னாலும் எடுங்க. அடுப்பை எடுத்துடுங்க. ரொட்டியும் பழமும் போதும். மேசையை எடுங்க.

— மேசையும் அடுப்பும் சேந்து இதுல கால்வாசி வராதுண்ணே.

— அப்ப கூரையை மாத்தறேன். மெல்லிசா போடறேன்.

— கூரை மெல்லிசானா முதல் மரக்கிளையிலயே கிழிஞ்சிடும். அண்ணே, ஒத்தக் கால்ல நின்னா எப்படி? யாருக்கு அந்தப் படுக்கை? விருந்தாளிக்கா?

— கழட்டிடுங்க தம்பி.

— நீ சும்மா இரு.

— அதைக் கழட்டுங்க. அதுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அப்ப செஞ்சுக்கலாம்.

— எனக்குப் புரியல அக்கா. ஏழு வருஷம்னா?

— அதாவது தம்பி, அது எங்க வீட்டு விஷயம். நீங்க வண்டியைப் பாருங்க.

— சரிண்ணே. தெரியாம கேட்டுட்டேன். சரி, ரோடு எப்படின்னு சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் உசரம் வைக்கணும். எந்தப் பக்கம் போறீங்க?

— வடக்கால அணை இருக்குல்ல, அதைத் தாண்டி.

— அணை தாண்டி கல் குவாரி வரைக்கும் தார் இருக்குமே.

— குவாரியும் தாண்டி. போன மழையில பாலம் போயிடுச்சு. அதுக்கப்புறம் பஸ் குவாரியோட திரும்பிடுது. அங்கேருந்து ரெண்டு ஓடை, இறங்கி ஏறணும். நான் ஜல்லி லாரியில தொத்திக்கிட்டுப் போவேன், லாரி இல்லாத நாள் நடப்பேன். தங்கறதுக்கு ஒரு கூரை கிடையாது. ஒரு தடவை கூடாரம் கொண்டு போனேன், காத்து பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ரெண்டு நாள் சேந்தாப்ல விடுவாங்க. நான் முதல் நாள் சாயங்காலமே கிளம்பினாத்தான் திரும்பற பஸ்ஸைப் பிடிக்க முடியும்.

— அண்ணே, குவாரி தாண்டி அங்க ஒண்ணுமே இல்லையே. அந்த ஜெயிலைத் தவிர...

— ம்.

— அண்ணே, நான்...

— ஜெயிலுக்குத்தான் தம்பி. எங்க பையன் அங்க இருக்கான்.

— மன்னிச்சுக்குங்க அக்கா. வாய் சும்மா இருக்காது எனக்கு. வீட்டுலயும் இதே திட்டுத்தான் வாங்கறேன்.

— நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க. நீங்களா உள்ள போட்டீங்க? நான்தான் போட்டேன்.

— இப்ப எதுக்கு அதெல்லாம் இங்க?

— ஏங்க, படுக்கை யாருக்குன்னு கேட்டாரு. சொல்ல வேண்டாமா? வேலை செய்யறவருக்கு எதைக் கழட்டறோம்னு தெரியணுமே.

— சொல்லு. என்னமோ சொல்லு. நான் அந்தத் தொட்டியோட பட்டியைக் கழட்டறேன். ஸ்பேனர் எங்க தம்பி?

— ஜாக்கிக்குப் பக்கத்துல இருக்குண்ணே. பதினாலாம் நம்பர்.

— பையன் குடிச்சிட்டு வண்டி ஓட்டினான் தம்பி. காரு. சாயங்காலம் வீட்டுலதான் குடிச்சான். சாவியைக் குடுடான்னு கேட்டேன். சிரிச்சான். எனக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறியான்னு கேட்டுட்டுப் போனான். கத்துக்குடுத்ததே நான்தான்.

— வயசுப் பசங்க அப்படித்தான்...

— ராத்திரி வந்து படுத்துட்டான். காலையில பாத்தா முன் விளக்கு உடைஞ்சு தொங்குது. என்னடான்னு கேட்டா, மாடு குறுக்க வந்துச்சுன்னான். எனக்கு நேரமாச்சு. பஸ்ஸை எடுத்துட்டுப் போயிட்டேன். தண்ணித் தொட்டித் தெருமுனையில ஒரு பொண்ணு ஏறும். மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம்தான் வேணும்னு நிக்கும். அந்த முனையில நிறுத்திக் கதவைத் திறந்தேன். யாரும் ஏறல. ஆரன் அடிச்சேன். பக்கத்துல பேப்பர் கடைக்காரர் ஓடி வந்தாரு. ஆரன் அடிக்காதம்மா, அந்தப் பொண்ணும் அது அப்பாவும் நேத்து ராத்திரி சைக்கிள்ல வரும்போது யாரோ அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னாரு.

— அய்யோ.

— கதவை மூடினேன். மத்தப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டேன். எல்லாரையும் பள்ளிக்கூடத்துல இறக்கி விட்டேன். சாவியை ஆபீஸ் மேசையில வச்சேன். அங்கேருந்து நடந்து போய் போலீஸ்ல சொன்னேன். முன் விளக்கு உடைஞ்சிருக்கு, வந்து பாருங்கன்னு.

— நீங்களே போய்...

— நானேதான். அதுக்கப்புறம் எந்த வண்டியும் தொடல. தொடக்கூடாதுன்னு ஒண்ணும் சபதம் போடல. கை போகல, அவ்வளவுதான்.

— அண்ணன் என்ன சொன்னாரு?

— அவரையே கேளுங்க. தொட்டிக்குப் பின்னாடிதானே இருக்காரு. காது நல்லாத்தான் கேக்கும்.

— நான் என்ன சொல்லியிருப்பேன் தம்பி? அப்பன் சொல்றதைச் சொன்னேன். பையன் சாயங்காலத்துலேருந்து வீட்டுலதான் இருந்தான், குடிக்கிற பழக்கமே கிடையாது, அந்த விளக்கை நான்தான் கொட்டகைச் சுவத்துல மோதி உடைச்சேன்னு சொன்னேன். கோர்ட்டுலயும் அதேதான் சொன்னேன். எனக்கப்புறம் இவ ஏறினா. இவர் சொல்றது எதுவும் நடக்கலன்னு சொன்னா. ஒரே நாள்ல, ஒரே கூண்டுல.

— வீட்டுக்கு எப்படிப் போனீங்க ரெண்டு பேரும்?

— ஒரே பஸ்லதான் போனோம். பக்கத்துப் பக்கத்து சீட்டு. அவரு டிக்கெட் எடுத்தாரு.

— சண்டை வரலையாக்கா?

— வரல. எதிர்பாத்தேன். வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அவர் மறுநாள் வேலைக்குப் போனாரு. நான் துணி துவைச்சேன். இன்னிவரைக்கும் ஒரு சத்தம் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு இந்தப் பழைய லாரியைக் கொண்டு வந்து கொட்டகையில நிறுத்தினாரு. அப்புறம் இழைக்கிற சத்தம்.

— தம்பி, இந்தப் பட்டி துருப்பிடிச்சு இறுகிடுச்சு. அசைய மாட்டேங்குது.

— விடுங்கண்ணே, மரை போயிடும். எண்ணெய் ஊத்தி ஊற விடுங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம். நான் மேல் படுக்கையைக் கழட்டறேன். ஒரு ஆணி வீணாகாம எடுத்து, பலகைக்கு நம்பர் போட்டு, உங்க கொட்டகைக்கே அனுப்பி வச்சுடறேன். சரியா?

— நானே கழட்டறேன்.

— நீங்க செஞ்சதை நீங்களே...

— நான் செஞ்சதுதானே. எங்க திருகு இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். குடுங்க அந்த ஸ்குரூ டிரைவரை.

— அக்கா, அவரு முகமே சரியில்ல.

— அவருக்குக் கையில வேலை இருந்தா சரியாயிடுவாரு. விடுங்க. கூட்டை வண்டியோட எப்படிக் கட்டுவீங்க? லாரித் தொட்டியிலயா?

— தொட்டித் தகரத்துல கட்டினா முதல் ஓடையிலயே தகரத்தோட பிச்சுக்கிட்டு வந்துடும். அடியில சேஸிஸ்லேருந்து இரும்புக் கை நீட்டி, அதுல கட்டறேன். அதையும் ரொம்ப இறுக்கக்கூடாது. மேடு பள்ளத்துல சேஸிஸ் முறுக்கும், கூடு முறுக்காது. இறுக்கிக் கட்டினா கூடு விரிசல் விட்டுடும். அதனால ஸ்பிரிங் வச்ச கொக்கி. கொஞ்சம் இழுபடும், திரும்ப வந்துடும். பக்கத்து வெல்டிங் பட்டறையில குடுத்திருக்கேன், இன்னேரம் முடிச்சிருப்பான்.

— முன்னாடி பின்னாடி இழுக்கற கொக்கி?

— அது போடாம கல் ரோட்டுக்கு அனுப்புவேனா? ஓடையில புதைஞ்சா யாராவது கயிறு கட்டி இழுக்க வேணாமா? ஒரு மண்வெட்டி, ரெண்டு பலகை, அகலமான ஜாக்கிக் கட்டை, எல்லாம் பக்கவாட்டுப் பெட்டியில வச்சுடறேன். ஸ்டெப்னி ரெண்டு.

— ஒண்ணு போதும். எடை கூடும்.

— இது பேச்சு. அக்கா, நீங்கதான் ஓட்டணும். நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் காலையில இந்த வண்டியை வாசல்லேருந்து உள்ள கொண்டு வந்தாரு பாருங்க, நான் ஓடிப்போய் வழியில இருந்த டிரம்மை உருட்டி ஒதுக்கினேன்.

— தம்பி, கழட்டிட்டேன்.

— அதுக்குள்ளயா? இங்க சுவர் ஓரமா சாத்துங்கண்ணே. மூச்சு வாங்குது உங்களுக்கு, உக்காருங்க.

— உக்கார வேணாம். இன்னிக்கே கூட்டை ஏத்திப் பாத்துடலாம். பட்டையும் காத்துப் பையும் போட்டாச்சுன்னு சொன்னீங்களே.

— போட்டாச்சு. கூடு அதோட நாலு கால்ல நிக்குது. வண்டியைப் பின்னாடியே அதுக்கு அடியில கொண்டு போகணும். ரெண்டு பக்கமும் நாலு விரக்கடைதான் இடம். இடிச்சா காலு மடங்கிக் கூடு தலைகுப்புற வரும். நான் பின்னாடி நின்னு சொல்றேன், நீங்க வண்டியில ஏறுங்கண்ணே. நான் சொல்றதை மட்டும் கேளுங்க.

— சரி.

— வரலாம்... வரலாம்... மெதுவா... ரைட்டுல கொஞ்சம் ஒடிங்க. அண்ணே ரைட்டு! உங்க ரைட்டு! ஒடிச்சுட்டு நேராக்குங்க... வரலாம்... அண்ணே...

— நிறுத்துங்க! ஏங்க, நிறுத்துங்கன்னா!

— நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன். இடிச்சுதா?

— ஒரு நூல் இடம்ணே. அக்கா கத்தலைன்னா கால் போயிருக்கும். எனக்கு இந்தப் பக்கம் நின்னு தெரியவே இல்ல.

— இறங்குங்க.

— இன்னொரு தடவை பாக்கறேன். அதாவது, கண்ணாடியில சரியா...

— இறங்குங்கன்னு சொன்னேன். தள்ளுங்க.

— அக்கா, ஏறுறீங்களா? படி உசரம், கம்பியைப் பிடிச்சுக்குங்க.

— இந்தக் கண்ணாடி எதுக்கு இப்படித் திரும்பியிருக்கு? இவருக்கு வானம் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். தம்பி, நீங்க ரைட்டு பக்கம் நில்லுங்க. இவர் லெஃப்டுல நிக்கட்டும். யாரும் கத்த வேணாம். இடிக்கிற மாதிரி இருந்தா மட்டும் தட்டுங்க.

— சரிக்கா.

— முன்னாடி எடுத்துக்கறேன். தள்ளி நில்லுங்க.

— எடுங்க... ம். நேரா வருது. அண்ணே, உங்க பக்கம்?

— நேரா இருக்கு.

— என் பக்கமும் நேரா இருக்கு. அக்கா, அப்படியே... அப்படியே... இன்னும் ஒரு சாண். அரை சாண். போதும்!

— பட்டுச்சா?

— பூ மாதிரிப் போய் உக்காந்துச்சு. என்ன அக்கா இது! இத்தனை வருஷத்துல நானே ரெண்டு தடவை முன்ன பின்ன எடுக்காம உள்ள விட்டதில்ல.

— பஸ் நிறுத்தற இடம் இதைவிடக் குறுகல்.

— தண்ணி வேணுமா?

— வேணாம். அழுகை வரும்னு நினைச்சேன். ஒண்ணும் வரல தம்பி. கிளட்ச்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அதைப் பாருங்க.

— பாத்துடறேன். இப்ப நான் கூட்டோட காலைத் தூக்கி அதை வண்டி மேல இறக்கறேன். அண்ணே, நீங்களும் அந்தப் பக்கம் ஏறி உக்காருங்க. ரெண்டு பேர் எடையோட ஸ்பிரிங் எவ்வளவு இறங்குதுன்னு அளக்கணும்.

— நான் உக்காரணுமா?

— நீங்க போகும்போது இறங்கி ஓடியா வரப்போறீங்க? ஏறுங்கண்ணே. ஆ... இறங்குது... இறங்குது. உக்காந்துடுச்சு. இந்தப் பக்கம் ரெண்டு விரல் அளவுதான் இறங்கியிருக்கு. நல்லா வந்திருக்கு. நான் வெல்டிங் பட்டறைக்குப் போய் கொக்கியை வாங்கிட்டு, அப்படியே மூணு டீ சொல்லிட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் எறங்காதீங்க. கொஞ்ச நேரம் எடை நின்னாத்தான் பட்டை படியும்.

— போயிட்டு வாங்க.

— அதாவது... ஜன்னலை இறக்கவா? வெக்கையா இருக்கு.

— இறக்குங்க.

— நல்லா எடுத்தே.

— ம்.

— மறக்கவே இல்ல உனக்கு.

— மறக்கற விஷயமா அது.

— தம்பி நல்ல மாதிரி. வேலை சுத்தமா இருக்கு.

— ஏங்க, சுத்தி வளைக்க வேணாம். கேக்க வேண்டியதைக் கேளுங்க.

— ஓட்டுவியா?

— ஓட்டறேன்.

— நிஜமாவா?

— நீங்க ஓட்டினா முதல் ஓடையிலயே கவுத்துடுவீங்க. ஓட்டறேன். மாசாமாசம் ஓட்டறேன். ஆனா ஒண்ணு, உள்ள வர மாட்டேன். வாசலுக்குத் தள்ளி, மரம் ஏதாவது இருந்தா அதுக்கடியில நிறுத்திக்கறேன். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் சமைச்சு வச்சிருக்கேன்.

— மரம் ஒண்ணும் கிடையாது அங்க. வெறும் கல்லு.

— அப்ப கல்லுல நிறுத்தறேன். நான் வந்திருக்கேன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்க.

— ஏன்?

— ஏன்னு கேக்கறீங்களே. அவனை உள்ள தள்ளினவ நான். நான் வாசல்ல நிக்கறேன்னு தெரிஞ்சா அந்தக் கோவத்துல உங்களையும் பாக்காம போயிடுவான். இருக்கற ஒண்ணையும் நான் கெடுக்க வேணாம்.

— அப்படி ஒண்ணும்...

— உங்களுக்காவது அவன் இருக்கட்டும். எனக்குப் பரவாயில்ல. நிஜமாத்தான் சொல்றேன், ஒண்ணும் தோணல. ஒரு பக்கம் மரத்துப்போன கால் மாதிரி இருக்கு. குத்தினாலும் தெரியாது.

— எனக்கும் அப்படித்தான்.

— உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் மாசாமாசம் பாக்கறீங்களே.

— ம்.

— ஒண்ணு கேக்கவா? இத்தனை நாளும் கேக்கல. கேக்கற உரிமை இல்லேன்னு இருந்துட்டேன்.

— கேளு.

— மெலிஞ்சுட்டானா?

— தெரியாது.

— தெரியாதுன்னா? முன்ன மாதிரியே இருக்கானா?

— தெரியாது.

— ஏங்க, போன மாசம்கூடப் போய்ப் பாத்துட்டு வந்தீங்களே.

— போனேன். பாக்கல.

— விடலையா?

— விட்டாங்க. அவன் வெளிய வரல. இந்த மாசம்னு இல்ல. ஒரு மாசமும் வந்ததில்ல. நான் பார்வையாளர் அறையில பெஞ்சுல உக்காந்திருப்பேன். மத்தவங்க பேசிக்கிட்டு இருப்பாங்க. மணி அடிச்சதும் எழுந்து வந்துடுவேன். அடுத்த மாசமும் போய் உக்காருவேன்.

— கொண்டு போன துணி?

— அதை வாங்கிக்குவாங்க. அவன்கிட்டக் குடுக்கறாங்களா என்னன்னு தெரியாது.

— இவ்வளவு நாளா என்கிட்டச் சொல்லல.

— நீ கேக்கல.

— எதுக்கு உங்களைப் பாக்க மாட்டேங்கறான்? நீங்கதானே அவனுக்காகப் பேசினீங்க. நீங்கதானே பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கப் பாத்தீங்க.

— அதுக்குத்தான் பாக்க மாட்டேங்கறான்.

— எனக்குப் புரியல.

— எனக்கும் ரொம்ப நாள் புரியல. அந்தப் பொண்ணு செத்ததை, நடக்கவே இல்லேங்கற மாதிரி எங்கப்பா பேசினாருன்னு ஒரு தடவை காவலர்கிட்டச் சொல்லியிருக்கான். அவ்வளவுதான் சொன்னானாம்.

— நீங்க பாக்க முடியாதுன்னு தெரிஞ்சும் ஒரு வருஷமா உக்காந்து இதைக் கட்டினீங்களா? உங்களுக்கு எதுக்குங்க இந்த வண்டி?

— எனக்கு இல்ல.

— பின்ன?

— ஒவ்வொரு தடவையும் காவலர் உள்ள போய், உன்னைப் பாக்க ஆள் வந்திருக்குன்னு சொல்வாராம். அவன் எழுந்து சட்டையைப் போட்டுக்கிட்டு, ‘அம்மாவா?’ன்னு கேப்பானாம், அப்பான்னு சொன்னதும் சட்டையைக் கழட்டி வச்சுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவானாம்.